ஒன்பதரை மணிக் கட்டம்

அத்தியாயம் 14

அலாரம் அடிப்பதற்கு முன்பே அந்தோணிமேரிக்கு விழிப்பு தட்டிவிட்டது. மகள் வரப்போகிறாள் என்ற சந்தோஷம் பாதி. வந்தால் என்ன கேட்பாள் என்ற பயம் மீதி.

ஜாஸ்பின் சென்னையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறாள். கைக்குழந்தைக்கு ஐந்து மாதம். பிரசவ லீவு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. மாமியார் உயிரோடு இல்லை. மருமகன் ஃபிரெடிக்கு ஷிப்ட் வேலை. பிள்ளையை யார் பார்ப்பது என்ற பேச்சு மூன்று வாரமாகப் போனில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மேரி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. 'பாக்கலாம்மா' என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

முடியாது என்று சொல்ல அவளுக்குப் பழக்கமில்லை. சரி என்று சொல்லவோ இந்தத் தடவை வாய் வரவில்லை.

ஜாஸ்பினைக் கட்டிக்கொடுத்து, மகன் ராபினைக் கத்தாருக்கு விமானம் ஏற்றிவிட்ட பிறகு, ஆவூரில் அந்த வீட்டில் இரண்டு பேருக்குச் சோறு பொங்குவதைத் தவிர அவளுக்கு வேலை இல்லாமல் போனது. நாற்பத்தைந்து வயதில் திருச்சிக்குப் போய் டயாலிசிஸ் டெக்னீசியன் படிப்பில் சேர்ந்தாள். முதல் நாள் அங்கே இருந்தவர்கள் மகளைச் சேர்க்க வந்த அம்மா என்று நினைத்து, பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். நான்தான் பிள்ளை என்றாள். ஒரு வருஷம் பஸ்ஸில் போய்வந்து படித்து முடித்தாள். இப்போது எட்டு மாதமாகக் கீரனூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. கிட்னி பழுதானவர்களுக்கு மிஷின் வைத்து ரத்தம் சுத்தம் செய்கிற மாடி அறையில், நீல நிற மேலங்கி போட்டுக்கொண்டு நிற்கிறவள் அவள்.

கணவர் சூசைராஜ் பள்ளிக்கூட வாத்தியார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். அவர் தடுக்கவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. யாராவது கேட்டால், "சும்மா பொழுது போகணும்ல, அதான் போகுது" என்பார். அந்த 'பொழுது போகணும்' மட்டும் மேரிக்கு உள்ளே எங்கேயோ தைத்துக்கொண்டே இருக்கும்.

அன்று காலை அவர் திருச்சி ஜங்ஷனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், ஜாஸ்பினைக் கூட்டிவர. இன்றைக்காவது லீவு போடக்கூடாதா என்று கேட்டார். சீனியர் ஜஸ்டின் தம்பி மிஷின் சாமான் வாங்கப் போகிறது, இன்றைக்கு அறையில் தான் ஒருத்திதான் என்று மேரி சொன்னாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு பைக் சாவியைத் தேடப் போய்விட்டார். அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. அவசரத்தில் மேரி அதைக் கவனிக்கவும் இல்லை.

ஏழே காலுக்கெல்லாம் மூன்று படுக்கையிலும் ஆள் வந்தாயிற்று. மூன்றாவது படுக்கை ரெங்கராஜ். குன்னாண்டார்கோயில் பக்கம் இருபத்திரண்டு வருஷம் மினி பஸ் ஓட்டியவர். வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். எடைமிஷினில் ஏற்றிப் பார்த்தபோது மேரிக்குத் திக்கென்றது. போன தடவையைவிட நாலரை கிலோ கூடியிருந்தது. அத்தனையும் தண்ணீர். கிட்னி வெளியேற்றாத தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று அவருக்கு எத்தனையோ முறை சொல்லியாயிற்று.

"மச்சான் வீட்டுக் காதுகுத்து தங்கச்சி. மோரு குடுத்தாங்க. வெயிலு வேற. பஸ்ஸு ஓட்டையில கூட எனக்கு இப்புடித் தாகம் எடுத்ததில்ல" என்றார். குற்றம் செய்த பிள்ளை மாதிரி சிரித்தார்.

அவருக்கு ஊசி குத்த மேரிதான் வேண்டும். வேறு யார் வந்தாலும் கையை இழுத்துக்கொள்வார். மேரி குத்துவதற்கு முன்னால் அவர் முழங்கைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து, உள்ளே ரத்தம் கிர்ரென்று ஓடுவதைக் கொஞ்ச நேரம் கேட்பதுபோல் நிற்பாள். அவர் மூச்சு விடுகிற நேரம் பார்த்து ஊசி உள்ளே போய்விடும். அன்றும் அப்படியே போயிற்று.

நாலு மணி நேரத்தில் நாலு லிட்டர் இறக்க வேண்டும். அவ்வளவு தண்ணீரை இழுக்கும்போது பி.பி. சட்டென்று விழுந்துவிடக்கூடும். அரை மணிக்கு ஒரு தடவை அளந்து சார்ட்டில் எழுத வேண்டும். முதல் படுக்கை மிஷின் தானாகவே அளக்கும். மற்ற இரண்டும் பழசு, கையால்தான் எடுக்க வேண்டும். அதெல்லாம் மேரிக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

எட்டு மணி, எட்டரை, ஒன்பது. எழுதினாள்.

ஒன்பது மணிக்கு மேல் ஒரு பெண் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். பெயர் காவ்யா. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள். கூடுதலாக ஆள் எடுத்திருக்கிறார்கள் போல என்று மேரி சந்தோஷப்பட்டு, கையுறை எங்கே இருக்கிறது, சலைன் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணாந்தேதிக்குள்ள எல்லாத்தையும் ஒங்ககிட்டக் கத்துக்கச் சொன்னாங்க ஆன்ட்டி. நீங்க வேலைய விட்டு நிக்கிறீங்களாமே, பேத்தியப் பாத்துக்க" என்றாள் அந்தப் பெண்.

மேரி கையில் இருந்த பஞ்சுப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். யார் சொன்னது என்று கேட்டாள். மேனேஜர் சார்தான் என்றாள் காவ்யா.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது இருபது. ஒரு அஞ்சு நிமிஷம், இவர்களைப் பார்த்துக்கொள், மிஷின் சத்தம் போட்டால் உடனே கூப்பிடு என்று காவ்யாவிடம் சொல்லிவிட்டு மேரி படியிறங்கினாள். அறையை விட்டுப் போகக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். எட்டு மாதத்தில் ஒரு தடவைகூடப் போனதில்லை.

மேனேஜர் ரகுநாத் அவளைப் பார்த்ததும், நல்லபடியாகப் போய்வாருங்கள் என்பதுபோல் எழுந்து நின்றார்.

"ஒங்க வீட்டு சார் நேர்லயே வந்தாங்களேம்மா, போன சனிக்கிழமை. பேத்தியப் பாத்துக்க நீங்க சென்னைக்குப் போறீங்க, ஒங்க வாயால சொல்லச் சங்கடப்படுறீங்க, அதனால நான் சொல்றேன்னாங்க. ஒரு வாத்தியார் வந்து சொல்றப்ப நான் நம்பாம இருக்க முடியுமா?"

"நான் நிக்கிறேன்னு யாருகிட்டயும் சொல்லல சார்."

அவர் திகைத்துப்போனார். அந்தப் பெண்ணுக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று, மூன்று மிஷினுக்கு மூன்று பேர் வைத்துக்கொள்ள முதலாளி சம்மதிக்கமாட்டார், பார்க்கலாம் என்றார். அதற்குள் அவருக்குப் போன் வந்தது. கையைக் காட்டி நிற்கச் சொல்லிவிட்டுப் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மேரி நின்றாள். அவள் மனசு சனிக்கிழமைக்குப் போயிருந்தது. அன்றைக்கு சூசைராஜ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டதற்கு, பள்ளிக்கூட வேலையாக என்றார். திரும்பி வரும்போது அவளுக்குப் பிடித்த பால்கோவா வாங்கிவந்தார். அவள் சாப்பிட்டாள்.

போன் முடிந்து, பெரிய டாக்டரிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்று மேனேஜர் சொன்ன பிறகுதான் மேரி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்பது நாற்பத்தெட்டு.

இரண்டிரண்டு படியாக ஏறினாள்.

ரெங்கராஜ் கண்ணை மூடிக் கிடந்தார். நெற்றியில், கழுத்தில், மேல் உதட்டில் முத்து முத்தாக வியர்வை. ஏ.சி. அறையில் யாருக்கும் அப்படி வியர்க்காது. "தூங்குறாருன்னு நெனச்சேன் ஆன்ட்டி" என்றாள் காவ்யா.

மேரி அண்ணே என்று கூப்பிட்டுத் தோளை உலுக்கினாள். அசைவில்லை. அதற்குப் பிறகு அவள் செய்தது எல்லாமே சரியாகத்தான் செய்தாள். தண்ணீர் இழுப்பதை நிறுத்தினாள். படுக்கையின் தலைப்பக்கத்தை இறக்கிக் காலை உயர்த்தினாள். சலைனை முழுசாகத் திறந்துவிட்டாள். பி.பி. மேல் அளவு அறுபது காட்டியது. டாக்டர் ஓடிவந்தார். ரெங்கராஜ் வாந்தி எடுத்தார். நாடி விட்டு விட்டு அடித்தது. மிஷினில் இருந்த ரத்தத்தை உடம்புக்குத் திருப்பி ஏற்றி, இரண்டு ஊசி போட்டு, பத்தே முக்காலுக்கு ஆம்புலன்ஸில் திருச்சிக்கு அனுப்பினார்கள்.

ரெங்கராஜின் மனைவி மீனம்மாள் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சர் பின்னாலேயே ஓடினாள். வண்டியில் ஏறுவதற்கு முன் திரும்பி வந்து மேரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ கூட இருந்ததாலதான் உசுரு இருக்கு மேரி" என்றாள்.

வண்டி போய்விட்டது.

மேலே வந்து சார்ட்டை எடுத்தாள். ஒன்பது மணிக்கு நேராக நூற்றி முப்பது, எண்பது. அவள் கையெழுத்து. பத்து மணிக் கட்டத்தில் டாக்டரின் கிறுக்கல். நடுவில் ஒன்பதரை மணிக் கட்டம் வெள்ளையாக இருந்தது. பி.பி. ஒரேயடியாக விழவில்லை. ஒன்பதரைக்கே இறங்க ஆரம்பித்திருக்கும். அப்போது பார்த்திருந்தால் இழுப்பதைக் குறைத்து, கொஞ்சம் சலைன் விட்டு, இந்நேரம் அவர் காதுகுத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

காவ்யா பக்கத்தில் வந்து நின்றாள். அவள் உதடு உலர்ந்திருந்தது. ஆர்டர் வாங்கி ஒரு நாள் ஆகவில்லை, அவளுக்கு அவள் பயம்.

"நூத்திப் பத்து, எழுபதுன்னு போட்டுரவா ஆன்ட்டி? யாருக்குத் தெரியப்போவுது?"

மேரி அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். எழுதிவிட்டால் இது எந்த ஆஸ்பத்திரியிலும் நடக்கக்கூடிய ஒன்று. நோயாளி தண்ணீர் குடித்துவிட்டு வந்தார், பி.பி. இறங்கியது, டெக்னீசியன் காப்பாற்றினாள். அவ்வளவுதான். அவளை வேலையை விட்டு அனுப்ப மேனேஜரே யோசிப்பார்.

"வந்த அன்னைக்கே இதக் கத்துக்க வேணாம்மா" என்றாள்.

பேனாவை எடுத்து அந்தக் கட்டத்துக்குள் 'அளவு எடுக்கவில்லை' என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணலாக வந்தது.

மேனேஜர் அதைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நாளைக் காலை ஒன்பது மணிக்குப் புதுக்கோட்டையிலிருந்து பெரிய டாக்டர் வருகிறார், அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும், அதுவரை அறைக்குள் போக வேண்டாம் என்றார். நீங்களாகவே நின்றுகொண்டால் இந்தப் பேச்சே வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றும், குரலைத் தாழ்த்தி, நல்லதுக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

அவள் வீடு வந்து சேர்ந்தபோது மூன்று மணி. வாசலில் ஜாஸ்பின் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். மகள் இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். மேரி குளித்துவிட்டு வந்துதான் பிள்ளையை வாங்கினாள். அது அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்து இழுத்தது. அப்போதும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜாஸ்பின் சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தாள். ஃபிரெடி அம்மாவுக்காகத் தனி அறையைக் காலி செய்து, ஃபேன் மாற்றி, ஜன்னலுக்கு வலை அடித்திருப்பதைச் சொன்னாள். பக்கத்திலேயே கோயில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை உண்டு என்றாள். ஞாயிறு ராத்திரி ரயிலில் இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று என்றாள்.

நான் வருகிறேன் என்று எப்போது சொன்னேன் என்று மேரி கேட்டாள்.

ஜாஸ்பின் சிரிப்பு அப்படியே நின்றது. "நீங்க சரின்னுட்டீங்கன்னு அப்பாதானே சொன்னாங்க? அத வச்சுத்தானே நான் ஒண்ணாந்தேதி வாரேன்னு ஆபீஸுக்கு மெயில் போட்டேன்?"

சூசைராஜ் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே மறுபடி மடித்தார். இரண்டு பேரும் தன்னையே பார்ப்பது தெரிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கேட்டா நீ மாட்டேன்னு சொல்லிருவியோன்னு இருந்துச்சு மேரி. பெத்த தாய் மாட்டேன்னு சொல்றத இவ காதால கேக்க வேணாம்னு நெனச்சேன்."

"இருபத்தெட்டு வருசத்துல நான் எப்பங்க மாட்டேன்னு சொன்னேன்?"

அவர் யோசித்துப் பார்த்திருப்பார். அவருக்கும் ஒன்றும் அகப்பட்டிருக்காது.

மேரி காலையில் நடந்ததை முழுசாகச் சொன்னாள். மேனேஜர் அறையில் நின்றதை, கடிகாரத்தை, ரெங்கராஜ் நெற்றி வியர்வையை, கட்டத்தில் எழுதியதை. குரல் உயரவில்லை. பாதியிலேயே சூசைராஜின் முகம் வெளிறிவிட்டது. ஏன் அப்படி எழுதினாய், நாளைக்கு அந்த ஆள் செத்துக்கித்துப் போனால் உன்னைத்தானே பிடிப்பார்கள் என்று எழுந்து நின்றார். அவளுக்காகத்தான் பயப்படுகிறார் என்பது மேரிக்கு விளங்கியது. விளங்கியும் மனசு அவர் பக்கம் நகரவில்லை.

ஜாஸ்பின் அழுதாள். அம்மாவை அழைத்துப்போக நினைத்ததால்தான் இவ்வளவும் ஆயிற்று என்று அவளுக்கு உறைத்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிவிடுகிறேன் என்றாள்.

"நான் வேலைய விட்டுர்றேம்மா. ஒங்களப் போல வீட்ல இருந்து பிள்ளைய வளத்துக்குறேன். அப்புறம் பாத்துக்கலாம்."

மகள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அதைத்தான் நினைக்கிறாள். அதனாலேயே மேரிக்கு வலித்தது. இந்த அப்புறம் என்பது வந்து சேர இருபது வருஷம் ஆகும். அப்போது இவள் எந்த வகுப்பில் போய் யாரோடு உட்காருவாள்?

"நீ விடக் கூடாது" என்றாள் மேரி. நான் வருகிறேன் என்ற இரண்டு வார்த்தையைத்தான் மகள் எதிர்பார்த்து நின்றாள். அது தெரிந்தும் மேரி குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நாளைக்கு வேலையே இல்லை என்றாகிவிட்டால் போகத்தான் வேண்டியிருக்கும். அப்போது போவது வேறு. துரத்திவிடப்பட்டவள் ஒதுங்குகிற இடமாகிவிடும் மகள் வீடு. பேத்தியைத் தூக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும்.

மாதா கோயிலில் மாலை மணி அடித்து ஓய்ந்த நேரத்தில் அவள் போன் ஒலித்தது. மீனம்மாள்.

ரெங்கராஜ் கண் திறந்துவிட்டாராம். ஐ.சி.யூ.வில் வைத்திருக்கிறார்களாம். நெஞ்சு பலவீனமாகிவிட்டது, இரண்டு நாள் தாண்ட வேண்டும் என்கிறார்களாம். மீனம்மாள் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். நாளைக் காலையில் அங்கேயே மறுபடி மிஷின் வைக்கப் போகிறார்கள். இவர் கையைக் கொடுக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார்.

"ஒன்னயத்தான் கேக்குறாரு. டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டேன், எங்களுக்குத் தெரிஞ்ச பிள்ளை ஒண்ணு இருக்கு, வந்து பக்கத்துல நின்னாப் போதும்னு. காலையில எட்டு, ஒம்பது மணிக்கு வந்துருவியா மேரி?"

ஒன்பது மணிக்குப் பெரிய டாக்டர் முன்னால் நிற்க வேண்டும். ஆனால் மேரியை உறுத்தியது அது இல்லை. குழந்தையை ஜாஸ்பினிடம் கொடுத்தாள். சூசைராஜ் எதிரே வந்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். போனில் எதையும் சொல்லிவைக்காதே என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

"மதினி, நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள் மேரி. "காலையில நான் அண்ணன் பக்கத்துல இல்ல. ஒம்பதரைக்கு பி.பி. பாத்திருக்கணும். பாக்காம விட்டுட்டேன். நான் திரும்பி வந்தப்பதான் அவரு அப்புடிக் கெடந்தாரு."

அந்தப் பக்கம் தூரத்தில் ஆஸ்பத்திரி ஒலிபெருக்கி யாரையோ கூப்பிட்டது. ஸ்ட்ரெச்சர் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுப் போனது.

"எங்க போயிருந்த?" என்று கேட்டாள் மீனம்மாள். கோபமில்லாமல், புரியாமல் கேட்டாள்.

மேரி கணவனைப் பார்த்தாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பெயரைச் சொன்னால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

"என் வேலையக் காப்பாத்திக்கப் போயிருந்தேன் மதினி" என்றாள்.

இணைப்பு அறுந்துவிட்டது. மீனம்மாள் வைத்துவிட்டாளா, சிக்னல் போய்விட்டதா தெரியவில்லை. மேரி திருப்பி அடித்தாள். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.